ஞானசவுந்தரி விழுந்த செவ்வாய்க்கிழமை

போன ஓகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். என் வீட்டில் இனி ஒருவரும் விழக்கூடாது.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒன்று நான், குருசுமுத்து, வயது எழுபத்தொன்று. மற்றது என் மனைவி ஞானசவுந்தரி, வயது அறுபத்தாறு. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். இரண்டே பேர் உள்ள சபையில் ஒரு சட்டத்தை நிறைவேற்றுவது சுலபம் என்று நினைத்தேன். அந்தச் சபையில் பெரும்பான்மை யாருடைய கையில் என்பதை நான் யோசிக்கவில்லை.

விழுவதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. முப்பத்துமூன்று வருடம் யாழ்ப்பாணம் - ஊர்காவற்றுறை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவன் நான். ஒரு கையில் ரிக்கற் புத்தகம், மறு கையில் சில்லறை. கம்பியைப் பிடிக்க மூன்றாவது கையை ஆண்டவர் தரவில்லை. பண்ணைப் பாலத்தில் காற்று பஸ்ஸைச் சாய்க்கும். பாலம் முடிந்தால் றைவர் சாய்ப்பான். பயணிகள் விழுந்தார்கள். மீன்பெட்டி விழுந்தது. ஒருமுறை ஒரு கலியாணத் தரகர், பெண்ணின் தகப்பன் மடியிலேயே விழுந்து சம்பந்தத்தையும் முடித்துக்கொண்டு எழும்பினார். நான் மட்டும் விழவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த விசித்திரம் நடந்தது. ஓடுகிற பஸ்ஸில் விழாதவன், ஓடாத வீட்டில் விழத் தொடங்கினேன். முதல் தரம் கிணற்றடிப் பாசியில். இரண்டாம் தரம், காற்சட்டைக்குள் ஒரு காலை விட்டுவிட்டு மற்றக் காலுக்கு வழி தேடும்போது. இரண்டையும் ஞானசவுந்தரிக்குச் சொல்லவில்லை. சொன்னால் அது கோயில் வரைக்கும் போகும். கொண்டக்டர் குருசு விழுந்துபோனான் என்று ஊர் பேசினால், என் முப்பத்துமூன்று வருடச் சேவையே குடைசாய்ந்து போகும்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் நிற்பதை விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பஸ்ரியாம்பிள்ளையோடும் வேறு இரண்டு பேரோடும் சேர்ந்து, பூவரச மரத்துக்குக் கீழே முந்நூற்றுநாலு என்கிற சீட்டாட்டம் விளையாட உட்கார்ந்தேன். காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை ஒரு ஆட்டம். மூன்றிலிருந்து கோயில் மணி அடிக்கும் வரை இன்னொன்று. பதினொரு வருடமாக என் உடம்பில் உழைத்த ஒரே உறுப்பு, சீட்டுப் பிரிக்கிற கட்டைவிரல்தான்.

மே மாதம் இருவருமாகப் பிரஷர் பார்க்கக் கிளினிக்குப் போனோம். அங்கே நிலக்சனா என்று ஒரு நேர்ஸ் பிள்ளை. வயது போனவர்கள் விழாமல் பார்க்கிற பொறுப்பு அவளுடையதாம். கைப்பிடி இல்லாத கதிரை ஒன்றை எனக்கு முன்னால் வைத்தாள்.

"ஐயா, கை ரெண்டையும் நெஞ்சிலை கட்டிக்கொண்டு எழும்பி எழும்பி இருங்கோ. அரை நிமிஷம். நான் எண்ணிறன்."

"பிள்ளை, நான் முப்பத்துமூண்டு வருஷம் இருக்காமலே நிண்ட மனிசன்."

"அப்ப சுகமாய்ச் செய்வியள்."

ஐந்து தரம் எழும்பினேன். ஆறாவது தரம் கதிரையும் என்னோடு சேர்ந்து எழும்பப் பார்த்தது. ஞானசவுந்தரி பதின்மூன்று தரம் எழும்பி இருந்துவிட்டு, மூச்சும் வாங்காமல், கிளினிக் கொப்பியை எடுத்து எனக்கு விசிறினாள்.

"இந்த ஒரு வருஷத்துக்குள்ளை எங்கையும் விழுந்தனீங்களோ, ஐயா?"

"நானோ? சீச்சீ!"

விசிறி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஆடியது.

"கால் ரெண்டும் சோர்ந்துபோச்சு ஐயா. இப்பிடியே விட்டால் ஒருநாள் விழுவியள். விழுந்தால் எலும்பு முறியும்" என்று சொல்லி, நிலக்சனா ஒரு தாளைத் தந்தாள். அதில் ஒரு மொட்டைத்தலை மனிதர் கதிரையைப் பிடித்துக்கொண்டு கொக்குப்போல ஒற்றைக்காலில் நின்றார். நானும் அந்தத் தாளைப் பயன்படுத்தினேன். நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சீட்டு மேசையின் காலுக்குக் கீழே வைத்தேன். மேசையின் தள்ளாட்டம் அன்றோடு நின்றது.

ஞானசவுந்தரி விடவில்லை.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு எழும்பி இருந்தனீங்களோ?"

"ஓம். காலமை எழும்பினனான். ஒன்பது மணிக்கு இருந்தனான்."

"பகிடி விடாதேங்கோ. பத்துத் தரம் செய்யவேணும் எண்டு அந்தப் பிள்ளை சொன்னது."

"பத்து நாளிலை பத்துத் தரம் வரும்தானே?"

ஜூலை முடிவில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். வென்றுவிட்டேன் என்று பஸ்ரியாம்பிள்ளைக்குச் சொல்லிச் சிரித்தேன். ஞானசவுந்தரி சத்தம் போட்டால் பயமில்லை. அவள் சத்தம் போடாமல் விட்டால்தான் எங்கோ பிறேக் போயிருக்கிறது என்று அர்த்தம். நாற்பத்திரண்டு வருடம் அவளோடு குடும்பம் நடத்தியும் அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் கையில் நல்ல துரும்புச் சீட்டு. வெட்டப் போகிற நேரம் குசினிப் பக்கம் 'தொம்' என்று ஒரு சத்தம். பின்னால் ஒரு தகரப் பேணி உருண்டது. அதற்குப் பின்னால் அவளுடைய குரல்.

"மாதாவே!"

சீட்டு எங்கே பறந்தது என்று தெரியாது. நாற்பது அடி தூரத்தை ஓடினேன். ஓடுகிறேன் என்று நான் நினைத்தேன். கால் நினைக்கவில்லை. அந்த நாற்பது அடிக்குள் என் மனதில் வந்தது மண்டைதீவில் இருந்த என் தமையன். வாசற்படியில் தவறி விழுந்த மனிதர். இடுப்பெலும்பு. கட்டிலில் கிடத்தினார்கள். மூன்று மாதம் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு அந்தக் கட்டிலை வெளியே எடுத்தார்கள்.

ஞானசவுந்தரி குசினி நிலத்தில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் ஸ்ரூல் சரிந்து கிடந்தது.

"என்னடியப்பா செய்தனீர்?"

"மேல் தட்டிலை மல்லிப் பேணி... எட்டாமல்... ஸ்ரூலிலை ஏறி..."

"எங்கை நோகுது?"

"எங்கை எண்டு சொல்லத் தெரியேல்லை."

"தலை? தலை அடிபட்டதோ?"

"இல்லை. தலை நல்லாய் வேலை செய்யுது."

அவளுடைய கக்கத்துக்குள் கையைக் கொடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்கினேன். அவள் எழும்பவில்லை. என் முழங்கால்கள்தான் மடிந்தன. மெதுவாக, மரியாதையாக, அவளுக்குப் பக்கத்தில் நானும் போய் இருந்துவிட்டேன். எழும்பப் பார்த்தேன். ஏலவில்லை. இரண்டு பேரும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரிக் குசினி நிலத்தில் இருந்தோம்.

பஸ்ரியாம்பிள்ளை வந்து எட்டிப் பார்த்தான். அவன் கடலில் வலை இழுத்த உடம்பு.

"என்ன மச்சான், ரெண்டு பேரும் பந்தியிலை இருக்கிறியள்? நான் பரிமாறட்டோ?"

ஒரு கையால் அவளைத் தூக்கினான். என்னைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன்.

"வேண்டாம். முறிவு ஒண்டும் இல்லை. பாருங்கோ, நடக்கிறன்." நடந்து காட்டினாள். "ஆனா இனி ஏற இறங்கப் பயமாய்க் கிடக்கு. குனிஞ்சால் விழுந்திடுவனோ எண்டு நெஞ்சு பதறுது."

அப்போதுதான் சட்டம் போட்டேன். சுட்டுவிரலை உயர்த்தினேன்.

"ஞானசவுந்தரி! இண்டையிலை இருந்து நீர் ஏறவும் கூடாது, குனியவும் கூடாது, பாரம் தூக்கவும் கூடாது."

"அப்ப சமையல்?"

"நான் பாக்கிறன்."

"உங்களுக்கு ஏலாது."

"ஏன் ஏலாது? அறுபது பேர் ஏறிற பஸ்ஸிலை நூற்றிப்பத்துப் பேரை ஏத்தினவன். ஒரு சட்டிக்குள்ளை நாலு மீனை ஏத்தமாட்டனோ?"

"வேண்டாமப்பா. ஊர் சிரிக்கும். மனிசனை வேலை வாங்கிறா எண்டு என்னைத்தான் பேசுவினம்."

"ஊர் கிடக்கட்டும்! நான் சொன்னால் சொன்னதுதான்."

அவள் பெருமூச்சு விட்டாள். வீட்டுக்காரன் சொல்லைத் தட்டாத பெண்ணின் பெருமூச்சு அது. முதல் வேலையாக ஸ்ரூலைப் பஸ்ரியாம்பிள்ளையிடம் கொடுத்துவிடச் சொன்னாள். அது நியாயம். மேல் தட்டில் இருந்த பேணி, போத்தல் எல்லாவற்றையும் கீழே இறக்கச் சொன்னாள். அதுவும் நியாயம். கிணற்றடிப் பாசியை அன்றைக்கே உரஞ்சிக் கழுவச் சொன்னாள். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. பிறகு குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

அன்று தொடங்கியது என் சீவியம்.

அதுவரை நான் திருவிய தேங்காய்ப் பூவைக் கறியில்தான் கண்டவன். அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததே இல்லை. திருவலை என்பது நிலத்தோடு ஒட்டிய, நுனியில் அலகு பூட்டிய ஒரு பலகை. அதில் இருப்பது ஒரு வேலை. எழும்புவது வேறொரு வேலை. திருவுவதெல்லாம் இடைவேளை.

"பாதி திருவியாச்சு" என்பேன்.

"கொண்டு வாங்கோ, பாப்பம்."

மேசையைப் பிடித்து எழும்பிக் கொண்டுபோய்க் காட்டுவேன்.

"காணாது, இன்னும் கொஞ்சம் வேணும்."

போய் இருப்பேன். திருவுவேன். எழும்புவேன்.

"இப்ப சொதிக்குக் காணும். சம்பலுக்கு?"

மறுபடி இருப்பேன்.

"எல்லாத்தையும் ஒரேயடியாய்ச் சொன்னால் என்ன?"

"விழுந்ததிலை இருந்து ஞாபகம் துண்டு துண்டாய்த்தான் வருகுது."

விழுந்த மனுசியோடு சண்டை பிடிக்கலாமா?

உடுப்புக் காயப் போடுவதும் என் தலையில் விழுந்தது. ஒருநாள் போனால் கொடி எட்டவில்லை. குதிக்காலை உயர்த்தி, கால்விரலில் நின்று எட்டித்தான் சாரத்தைப் போட வேண்டியிருந்தது. வேலியில் பிடித்துக்கொண்டு எட்டினேன்.

"ஞானசவுந்தரி, கொடி ஏன் உயர்ந்து கிடக்கு?"

"கொடி எப்பிடி உயரும்? வயசு போனால் மனிசர் குறுகிறது இயற்கைதானே?"

அன்று முழுக்க என் உயரத்தைக் கதவு நிலையில் வைத்து அளந்து பார்த்துக்கொண்டு திரிந்தேன். கொடியை நாலு விரற்கடை உயர்த்திக் கட்டியது பஸ்ரியாம்பிள்ளை என்று யாருக்குத் தெரியும்? "அக்கா சொன்னா, கட்டினனான்" என்று அவன் பிறகு சொன்னான்.

கத்தரிக்குத் தண்ணீர் விட வேண்டும். இரண்டு பாத்திக்கு நடுவில் ஒரு பாதம் அளவுக்குத்தான் வழி. "இளங்கண்டு கவனம். குதிக்காலுக்கு முன்னாலை விரலை வைச்சு வைச்சு நடவுங்கோ. வேலியிலை ஒரு கை இருக்கட்டும்" என்று வாசலில் இருந்து கட்டளை வரும். கலியாண ஊர்வலத்தில் வெட்கப்படுகிற பொம்பிளை மாதிரி நடந்தேன். குசினிக்குள் திரும்ப வருவதென்றால், நிலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கழுவித் துடைக்க வேண்டும். ஈரக்காலோடு வந்தால் அவள் வழுக்கி விழுந்துவிடுவாளாம். ஒற்றைக்காலில் நிற்பேன். "விரலிடுக்கு காயேல்லை, இன்னும் கொஞ்சம்" என்பாள். நிற்பேன்.

வேலையைவிட என்னைக் கொன்றது என் காதுதான். எங்கே எது விழுந்தாலும் ஓடினேன். ஆவணி மாதம், பனம்பழம் விழுகிற காலம். வேலிக்கரைப் பனை எங்களுடையது அல்ல. சத்தம் மட்டும் எங்களுடையது. 'தொம்' என்றால் அடுப்பில் அகப்பையை விட்டுவிட்டு ஓடுவேன். அவள் கதிரையில் அமைதியாகச் செபமாலை சொல்லிக்கொண்டு இருப்பாள்.

"என்னப்பா ஓடி வாறியள்?"

"ஒண்டுமில்லை. தண்ணி கொண்டு வரட்டோ எண்டு கேக்க வந்தனான்."

"ஓடி வந்தனீங்கள்தானே, கொண்டு வாங்கோ."

ஒருநாளில் ஏழு பனம்பழம் விழுந்தது. ஏழு செம்பு தண்ணீர் கொடுத்தேன். அவள் குளியலறைக்குப் போனால் நான் கதவுக்கு வெளியே நின்று, "இருக்கிறீரோ?" என்று கேட்பேன். "இருக்கிறன்" என்று பதில் வரும் வரைக்கும் என் நெஞ்சு இருக்காது. கடைக்குப் போனால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவேன். உப்பு வாங்க மூன்று தரம் போனேன்.

பூவரச மரத்தடியில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. பஸ்ரியாம்பிள்ளை வேலிக்கு மேலால் தலையை நீட்டுவான்.

"குருசு, வாவன். ஒரு கை குறையுது."

"ஏலாது மச்சான். அடுப்பிலை குழம்பு."

"அப்ப துரும்பு ஆர் கேக்கிறது?"

"நானே துரும்பாய் இளைச்சுப்போனன். இன்னும் என்ன துரும்பு?"

"பஸ்ஸிலை ஊரையெல்லாம் ஏத்தி இறக்கினாய். இப்ப அக்கா உன்னை ஏத்தி இறக்கிறா" என்று சொல்லி, அவனுடைய மனைவி ஜெனீற்றாவையும் கூப்பிட்டு இரண்டு பேருமாகச் சிரித்தார்கள்.

இப்படி இரண்டு மாதம் போனது. ஒக்டோபரில் ஒருநாள், கடைக்குப் போன நான் வழக்கம்போலப் பாதி வழியில் திரும்பினேன். படலையைத் திறக்க முன்னம் ஒரு காட்சி கண்டேன். கத்தரிப் பாத்திக்குள் பஸ்ரியாம்பிள்ளையின் ஆடு. ஆட்டுக்குப் பின்னால் என் மனைவி. அந்த ஆட்டைப் பிடிக்கப் பொலிசுக்கும் ஏலாது. ஞானசவுந்தரி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்து, கிடுகு வேலி வரைக்கும் துரத்திவிட்டு, திரும்ப வந்து கதிரையில் இருந்து செபமாலையைக் கையில் எடுத்தாள்.

முதலில் வந்தது நிம்மதி. மெய்யாகத்தான் சொல்லுகிறேன். படலையைப் பிடித்துக்கொண்டு அந்தோனியாருக்கு நன்றி சொன்னேன். இரண்டாவதாக நினைவுக்கு வந்தது, இரண்டு மாதமாக நான் திருவிய தேங்காய்.

நேரே போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் சட்டம் போட்டவன் நான். அதை நானே கிழித்தால் வீட்டில் எனக்கு என்ன மதிப்பு? அதனால் ஒரு திட்டம் போட்டேன். அவளைக் கிளினிக்குக் கொண்டுபோவது. அந்தக் கதிரையில் எழும்பி இருக்க விடுவது. அவள் பதின்மூன்று தரம் எழும்புவாள். "அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை" என்று நிலக்சனா தன் வாயால் சொல்வாள். குசினி அரசாங்க உத்தரவோடு அவளுடைய கைக்குத் திரும்பிப் போகும். நான் பூவரச மரத்தடிக்குப் போவேன்.

"ஞானசவுந்தரி, உம்மை ஒருக்கால் அந்த நேர்ஸ் பிள்ளையிட்டைக் காட்டுவம். எனக்கு மனம் கேக்குதில்லை."

"ஓம், போவம்" என்றாள். உடனே சொன்னாள். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கிளினிக்கில் அதே கதிரை. நிலக்சனா என்னைப் பார்த்ததும் எழும்பிவிட்டாள்.

"வாங்கோ ஐயா. நீங்கள்தான் முதல்."

"நானில்லைப் பிள்ளை. அவவைத்தான் பாக்கவேணும்."

"ரெண்டு பேரையும் பாப்பம். கையைக் கட்டுங்கோ."

சரி, கெதியாக முடித்துவிடுவோம் என்று இருந்தேன். எழும்பினேன். இருந்தேன். என் யோசனை முழுக்க அவள் பதின்மூன்று எடுக்க வேண்டுமே என்பதில்தான். நிலக்சனா "காணும்" என்றபோதுதான் நிறுத்தினேன். கதிரை நிலத்திலேயே இருந்தது.

"பதினாலு!" என்று அவள் கை தட்டினாள். பிரஷர் பார்க்க வந்த கிழவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "மே மாசம் அஞ்சு ஐயா! இப்ப பதினாலு!"

ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னாள். நின்றேன். கோட்டில் நடக்கச் சொன்னாள். நடந்தேன். கத்தரிப் பாத்தியை விட அந்தக் கோடு அகலம்.

"அம்மா, நாலையும் வடிவாய்ச் செய்விச்சிருக்கிறியள்" என்றாள் நிலக்சனா, என் மனைவியைப் பார்த்து.

"என்ன நாலு?" என்றேன்.

அவள் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அந்த மொட்டைத்தலை மனிதர்தான். முதல் படத்தில் தாழ்ந்த ஆசனத்திலிருந்து எழும்பினார். அடுத்ததில் கால்விரலில் நின்று எட்டினார். மூன்றாவதில் குதிக்காலுக்கு முன் விரல் வைத்து நடந்தார். நாலாவதில் ஒற்றைக்கால். அவருக்குத் தேங்காயும் சாரமும் கத்தரிக்கன்றும் கால் துடைக்கிற துணியும் மட்டும்தான் இல்லை.

நான் ஞானசவுந்தரியைப் பார்த்தேன். அவள் முகட்டு விசிறியைப் பார்த்தாள்.

என் கையில் இன்னும் ஒரு சீட்டு இருந்தது. "சரி, அவவைப் பாரும்" என்றேன். ஞானசவுந்தரி பதினைந்து தரம் எழும்பி இருந்தாள்.

"பாத்தீரே பிள்ளை! அவவுக்கு முழுச்சுகம். இனி குசினி வேலை செய்யலாம் எண்டு அந்தக் கொப்பியிலை எழுதி விடும்."

"அம்மாவுக்கு என்ன வருத்தம்?"

"ஓகஸ்டிலை ஸ்ரூலிலை இருந்து விழுந்தவ."

"அம்மா விழுந்தவவோ?" நிலக்சனா பேனையை வைத்துவிட்டாள். "எனக்குச் சொல்லவே இல்லையே?"

"வாங்கோ, பஸ் வரப்போகுது" என்றாள் ஞானசவுந்தரி.

பஸ்ஸில் சனம். ஒரு பெடிச்சி எழும்பி அவளுக்கு இடம் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். வேலணையில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. ஒரு வாட்டசாட்டமான பெடியன் என்மேல் வந்து மோதினான். நான் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

"அண்டைக்கு நீர் விழுந்தனீரோ, இல்லையோ?"

"விழேல்லை."

"அப்ப நிலத்திலை கிடந்தது?"

"கிடக்கேல்லை. இருந்தனான். ஸ்ரூலைச் சரிச்சுப்போட்டு, அம்மிக்குழவியை ஒருக்கால் நிலத்திலை போட்டிட்டு, ஆறுதலாய் இருந்தனான்."

"மாதாவின்ரை பேரையும் சொல்லிக் கத்தினீரே!"

"அதுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்தாச்சு. சுவாமியார் சிரிச்சவர்."

"நாப்பத்திரண்டு வருஷத்திலை எனக்கு இப்பிடி ஒரு பொய்யோ, ஞானசவுந்தரி? எனக்கு அண்டைக்கு உயிர் போனது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பகிடி இல்லை.

"நீங்கள் கிணத்தடியிலை விழுந்ததை எனக்குச் சொன்னீங்களோ? சாரத்திலை பச்சைப் பாசி. தோய்ச்சது நான்தானே. காற்சட்டை போடேக்கை விழுந்த சத்தம், அடுத்த அறையிலை நிண்டு கேட்டனான். ஓடி வந்தால் வெக்கப்படுவியள் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டனான். நீங்களாய் எழும்ப எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமோ? அவ்வளவு நேரமும் கதவிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டனான். எனக்கு உயிர் போகேல்லையோ?"

நான் கம்பியில் கையை மாற்றிப் பிடித்தேன்.

"உங்களுக்காக ஒரு வேலை செய்யச் சொன்னால் செய்யமாட்டியள். எனக்காக எண்டால் ஏழு தரம் ஓடி வருவியள். இது எனக்குத் தெரியும். அதுதான்."

வெளியே கடல் போய்க்கொண்டே இருந்தது. கொண்டக்டர் பெடியன் ரிக்கற் கேட்டு வந்தான். இரண்டு விரலைக் காட்டினேன்.

இறங்க முன்னம் அவளே சொன்னாள். "நாளையிலை இருந்து நான் சமைக்கிறன். நீங்கள் உங்கடை காட்ஸுக்குப் போங்கோ."

"மெய்யாகவோ?"

"மெய்தான். காணும், நல்லாய்ச் செய்திட்டியள்."

அடுத்த நாள் ஒன்பது மணிக்குப் பூவரச மரத்தடியில் இருந்தேன். பஸ்ரியாம்பிள்ளை சீட்டுப் போட்டான். ஒன்பதே காலுக்கு எழும்பினேன். கால் கேட்கவில்லை. மறுபடி இருந்தேன். மறுபடி எழும்பினேன்.

"என்ன மச்சான், கதிரையிலை முள்ளோ?"

"இல்லையடா. இருக்க ஏலாமல் கிடக்கு."

பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். நிலக்சனா வேறு சொல்லி அனுப்பியிருந்தாள்: விட்டால் ரெண்டு மூண்டு கிழமையிலை கால் பழையபடி சோர்ந்திடும், ஐயா, நிப்பாட்டக் கூடாது. குசினி வாசலில் நின்று, "தேங்காய் ஏதும் திருவ இருக்குதோ?" என்று நானே கேட்டேன். இந்த வாயால் கேட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வந்திருக்க மாட்டேன்.

அடுத்த புதன்கிழமை பின்னேரம் படலைக்குள்ளால் பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு பிளாஸ்ரிக் கதிரை. பதினொரு பேர். முன்வரிசையில் பஸ்ரியாம்பிள்ளையின் மனைவி ஜெனீற்றா, கையில் கொப்பியும் பேனையும். கடைசியாக நிலக்சனா.

"என்ன விசேஷம் பிள்ளை?"

"அம்மா வகுப்பு எடுக்கிறா ஐயா. வீட்டிலை சொல்வழி கேக்காத ஐயாமார் கனபேர் இருக்கினம். இனி ஒவ்வொரு புதனும் இஞ்சைதான்."

விறாந்தை நடுவில் திருவலை வைக்கப்பட்டது. அரைத் தேங்காய் என் கையில் தரப்பட்டது. நான் இருந்தேன், எழும்பினேன், இருந்தேன். பதினொரு பெண்களும் ஒரே குரலில் எண்ணினார்கள். பதினாறுக்குக் கை தட்டினார்கள். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு பேர் என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பிறகு ஜெனீற்றா கையை உயர்த்தினாள்.

"அக்கா, இதெல்லாம் விளங்குது. ஆனா முதல் நாள் எப்பிடித் தொடங்கிறது?"

பேனைகள் எல்லாம் தயாராகின. ஞானசவுந்தரி கதிரையை முன்னுக்கு இழுத்தாள். நிலக்சனா, தான் கேட்கப் போவதில்லை என்பதுபோல், காதிலே விரலை வைத்துக்கொண்டாள்.

"அதைக் கடைசியாய்ச் சொல்லித் தாறன். அதுக்கு முதல் ஆம்பிளையள் எல்லாரும் கொஞ்சம் வெளியிலை போங்கோ" என்றாள் ஞானசவுந்தரி.

அங்கே ஆம்பிளையள் எல்லாரும் என்பது நான் ஒருத்தன்தான். எழும்பி, தேங்காய்ப் பாதியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.